பர்னர் கதவின் கேஸ்கட்

தேநீரில் பாலை முதலில் ஊற்றுகிறவர்களோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. பிரெண்டா ஹோல்ராய்ட் அப்படித்தான் போடுவார். பால், அதன்மேல் தேயிலைப் பை, அதன்மேல் வெந்நீர். மற்ற வீடுகளில் தேநீர் வேண்டுமா என்று கேட்பார்கள். பிரெண்டா கேட்பதில்லை, கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுவார், இரண்டு பிஸ்கட்டோடு. அந்த அம்மாள்மீது எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அவர் செத்துப்போனதில் எனக்குச் சந்தோஷம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இன்ஸ்பெக்டர்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். அதற்குப் பாய்லரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஹட்டர்ஸ்ஃபீல்டில் நெவில் சக்டன் என்றால் பாதி ஊருக்குத் தெரியும். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோட்டு போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பார்கள், நான்தான் அதைக் கண்டுபிடித்தவன் மாதிரி என்னைத் திட்டுவார்கள். அதெல்லாம் பழகிப்போய்விட்டது. கோளாறு என்னுடையதாக இருந்தால் திட்டு வாங்கலாம். எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து யாரோ தப்பாக வரைந்ததற்கு நான் ஏன் வாங்க வேண்டும்?

பாய்லருக்குள் நெருப்பு எரியும் இடத்தை ஒரு சின்னக் கதவு மூடியிருக்கும். அந்தக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், குக்கர் மூடியில் இருப்பது போல. அதுதான் கேஸ்கட். அது நன்றாக இருக்கும்வரை புகை சுவரில் உள்ள குழாய் வழியாக வெளியே போகும். விரிசல் விட்டுவிட்டால் வீட்டுக்குள் வரும். அந்தப் புகைக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலை வலிக்கிறதே, கொஞ்சம் படுக்கலாம் என்று படுப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பாய்லர் கம்பெனிக்காரர்கள் கேஸ்கட்டைக் கொண்டுபோய் நெருப்பின் மடியில் வைத்தார்கள். ஒரு குளிர்காலம் போதும், தொட்டால் உதிரும். கொஞ்சம் தடிமனாக, வேறு ரப்பரில், வெளிப்பக்கம் உதடு மாதிரி ஒரு விளிம்பு வைத்துச் செய்தால் தீர்ந்தது. இதை நான் அவர்களிடம் சொன்னேன். படம் வரைந்து அனுப்பினேன். உதிர்ந்துபோன கேஸ்கட்டுகளைப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். தொலைபேசியில் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்றாள். ஒன்று என்றேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லி வைத்துவிட்டாள். இதுவரை எங்கும் எந்த அசம்பாவிதமும் பதிவாகவில்லை என்று கடைசியில் ஒரு பதில் வந்தது. பல வருஷக் கத்தலுக்குக் கிடைத்தது அதுதான்.

பிரெண்டாவின் மகன் டேரன் அந்தக் கம்பெனியின் விற்பனை ஆள். நாங்கள் குழாய்ச் சாமான் வாங்கும் கடைக்கு வெள்ளிக்கிழமை காலையில் வருவான். எங்களைப் போன்ற தொழிலாளிகள் எல்லோருக்கும் பன்றி இறைச்சி வைத்த பன் இலவசம், பேனா இலவசம், கம்பெனி பெயர் போட்ட கோப்பை இலவசம். குறை ஏதாவது இருந்தால் அங்கேயே சொல்லலாம், மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்று ஏற்பாடு. நான் போனாலே அவனுக்குக் கொண்டாட்டம்.

"வந்துட்டாருப்பா கேஸ்கட் பாதிரியார். எல்லாரும் முட்டி போடுங்க, பிரசங்கம் ஆரம்பிக்கப்போகுது."

கடையே சிரிக்கும். வாயில் பன்னை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"டேரன், இந்த வாரமும் ஒண்ணு உதிர்ந்து கெடந்துச்சு. அந்த வீட்ல கைக்கொழந்த இருக்கு."

"நீ மாத்திட்டல்ல? அப்புறம் என்ன? இந்தா, சாஸ் ஊத்திக்க."

"நான் போகாத வீட்ல யாரு மாத்துவா?"

"யோவ், எங்கம்மா வீட்லயே அதான்யா ஓடுது. அவங்க தலமாட்டு அலமாரியில வச்சு மாட்டிருக்கேன். மோசமான சரக்குன்னா பெத்தவளுக்கு மாட்டுவேனா? அவ்வளவு கவலைன்னா வருஷா வருஷம் நீயே வந்து பாரு. உன்னவிட ஒழுங்கா எவன் பாப்பான்?"

அப்படித்தான் நான் பிரெண்டாவின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு வருஷமும் கேஸ்கட்டை மாற்றினேன். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

எங்கள் தெருமுனையில் பாதசாரிகள் கடக்க விளக்கு வைக்கச் சொல்லி ஊரே கேட்டது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அடிபட்ட பிறகுதான் வைத்தார்கள். உலகம் அப்படித்தான் நடக்கிறது, நானா அதை அப்படி அமைத்தேன்? அசம்பாவிதம் பதிவாகவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஒன்று பதிவாக வேண்டும் என்றால் எங்கே? கைக்குழந்தை இருக்கும் வீட்டிலா? அது கொடுமை. கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டிலா? அது அநியாயம். நியாயமாக யோசித்தால் ஒரு வீடுதான் மிஞ்சும். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சென்ற ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போனேன். வெளியே பனி உறைந்து கிடந்தது.

"வா கண்ணு, வா. மூக்கெல்லாம் செவந்துபோச்சே. மொதல்ல டீயக் குடி, அந்தப் பொட்டி எங்கயும் ஓடிராது."

படுக்கையறையில் மண்டியிட்டு வேலை செய்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். முழங்கால் வலி, பக்கத்து வீட்டுப் பூனை, மகன்.

"எப்பப் பாரு உன் பேச்சுதான் அவனுக்கு. நெவில் வந்து பாத்துட்டுப் போனான்னா நான் நிம்மதியாத் தூங்குவேம்மாங்கிறான். மூஞ்சிக்கு நேரா சொல்லமாட்டான், அவங்கப்பன் மாதிரி."

பர்னர் கதவைத் திறந்தேன். கேஸ்கட் நான்கு துண்டாக விழுந்தது. துண்டுகளை அப்படியே பள்ளத்தில் அடுக்கிக் கதவை மூடினேன். புகை கசியாமல் அடைக்கும் வெளி மூடியின் திருகுகளைப் பாதிதான் முடுக்கினேன். அலமாரிக்கு மேலே புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று இருந்தது. அதைக் கழற்றி, பழசாகிவிட்டது, புதிது கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் எதையும் உடைக்கவில்லை. கம்பெனி எப்படிச் செய்து கொடுத்ததோ அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கா, கண்ணு?"

"சரியா இருக்கு, பிரெண்டா."

"அப்ப ராத்திரிக்குச் சூட்டக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கட்டுமா? காலு ரெண்டும் ஐஸாட்டம் கெடக்கு."

"வச்சுக்கங்க," என்றேன்.

வாசல்வரை வந்து கையசைத்தார். குளிரில் நிற்காதீர்கள், உள்ளே போங்கள் என்று நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு டேரன் போயிருக்கிறான். கதவைத் திறந்தால் அடுப்பில் மாட்டிறைச்சி வேகும் வாசனை வரவேண்டும், வரவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னானாம். பாவம்தான். ஆனால் இனி அசம்பாவிதம் பதிவாகவில்லை என்று யாரும் எனக்குப் பதில் போட முடியாது. எத்தனையோ வீடுகள் பிழைத்துக்கொள்ளும். நான் அதைத்தான் நினைத்தேன்.

என் கோட்டுப் பையில் நீங்கள் எடுத்த பொருளைப் பற்றி மறுபடியும் கேட்கிறீர்கள். அது அவ்வளவு முக்கியமா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி. அது புதுக் கேஸ்கட். அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடையில் டேரன் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தான். தடிமன், வேறு ரப்பர், வெளிப்பக்கம் ஓர் உதடு. நான் வரைந்து அனுப்பியதை அச்சில் வார்த்ததுபோல இருந்தது. மேசைமேல் ஏறாத குறையாக நின்றுகொண்டு சொன்னான்.

"நம்ம டிசைன் பசங்க மண்டைய ஒடச்சுக் கண்டுபிடிச்சது இது. பழசு சீக்கிரம் காயுதுன்னு அவங்களே பாத்துப் பாத்து மாத்திருக்காங்க. பழசு போட்டிருக்குற வீட்லயெல்லாம் இத மாத்திருங்க, காசு கெடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் நின்றால் நன்றாக இருக்காது. பிறகு அவன் என்னிடம் வந்து ஒன்றைக் கையில் வைத்து அழுத்தினான்.

"இன்னிக்குத்தான அம்மா வீட்டுக்குப் போற? மொதல்ல அவங்களுக்கு மாட்டிரு, நெவ். இனிமே உன் பிரசங்கத்துக்கு வேலை இல்ல."

மாட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். பிரெண்டாவின் கட்டிலருகே மண்டியிட்டிருந்தபோது அது என் விலாவில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருமுறை எடுத்துப் பள்ளத்தில் வைத்தும் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது, நான் சொன்ன மாதிரியே. நெவில் சொன்னதுதான் என்று ஒரே ஒரு வார்த்தை அவன் அந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் அப்படியே விட்டுக் கதவை மூடியிருப்பேன். திரும்ப எடுத்துக் கோட்டில் போட்டுக்கொண்டேன்.

உங்கள் அறிக்கையின் பிரதி ஒன்று கம்பெனிக்கும் போகும் என்றீர்கள். அந்த உதடு யாருடைய யோசனை என்று அதில் இருக்கும் அல்லவா?