டியூப்லெஸ் ஸ்பெஷலிஸ்ட்

காற்று அடிக்கும்போது பேசக் கூடாது, ஐயா. பதினெட்டு வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை பேசினேன். சாலமோனுடைய பைக்கின் முன்சக்கரத்தில் புத்தம்புது டியூப்லெஸ் டயரை ஏற்றி, கம்ப்ரசரைத் திறந்துவிட்டு, பக்கத்து டீக்கடை குப்பம்மாளுக்கு ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோக் முடிவதற்குள் டயர் முடித்துவிட்டது. டமார் என்ற சத்தத்தோடு அது ரிம்மை விட்டு எகிறியதில், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி என் லுங்கியில் கவிழ்ந்தது. ஆராதனை முடித்து வெள்ளைச் சட்டையோடு வந்திருந்த சாலமோன் மேல் அவன் டீயே கொட்டியது.

"இப்பதான்யா உன் ஜோக்கு நல்லா கீது" என்றாள் குப்பம்மாள்.

2009 பிப்ரவரி. கும்மிடிப்பூண்டியில் அப்போது டியூப்லெஸ் என்பது கார்க்காரர்கள் பேசுகிற பேச்சு. பைக்கில் ஒன்றிரண்டு புது மாடல்களில்தான் வரத் தொடங்கியிருந்தது. நான் ஒரு டயர் காலண்டரின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, 'ஜெயராஜ் டியூப்லெஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு எழுதி மாட்டினேன். ஸ்பெஷலிஸ்ட் அதுவரை ஒரு டியூப்லெஸ் டயரைக் கையால் தொட்டதில்லை.

போர்டை நம்பியவன் ஒருவன்தான். சாலமோன். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு சிப்காட்டுக்கு வருவான். இரும்பு உருட்டும் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. லாரிகளிலிருந்து சிதறும் பழைய இரும்பு அந்த ரோடு முழுக்கக் கிடக்கும். எங்கள் பக்கம் பஞ்சர் கடைக்காரன் தன் கையால் ஆணி போட வேண்டிய அவசியமே கிடையாது. மாதம் மூன்று தடவையாவது அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பான். காலை ஏழு மணிக்கு ஆலையின் கேட்டை மூடிவிடுவார்கள்.

"ரெண்டு வாட்டி லேட்டு போட்டுட்டான்ணா. மூணாவது வாட்டி கேட் பாஸைப் புடுங்கிக்குவான். வூட்ல மெர்சிக்கு ஏழு மாசம். எதுனா பண்ணுங்கண்ணா."

"டேய் நைனா, ஸ்பெஷலிஸ்ட் எதுக்குக் கீறேன்? டியூப்லெஸ் போட்டுடுவோம். ஆணி ஏறினாகூட அது பாட்டுக்கு ஓடும். நீ கேட்டுக்குள்ள போயி நாஷ்டா துன்னுட்டு அப்பறமா வந்து ஒட்டிக்கோ."

அவன் வண்டிக்குக் கம்பிகள் போட்ட பழைய சக்கரம். ஒவ்வொரு கம்பியும் ரிம்மில் ஒரு ஓட்டை. உள்ளே டியூப் இல்லாவிட்டால் அத்தனை ஓட்டையிலும் காற்று போய்விடும். காலண்டரில் இது போடவில்லை. டேப் ஒட்டி, மேலே சொல்யூஷன் பூசிப் பார்த்ததன் பலன்தான் அந்த டமார்.

அப்போதே "இது உன் வண்டிக்கு ஆவாதுப்பா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டீ சொட்டும் சட்டையோடு அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அப்படிப் பார்க்கிறவனிடம் முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வராது. எனக்கு இளகிய மனசு. இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னேன். அதற்குள் புது டயருக்குள் அவனுடைய பழைய டியூபையே போட்டு, காற்றடித்து நிறுத்தினேன்.

பொய் என்று இதைச் சொல்ல முடியாது. டயரில் டியூப்லெஸ் என்று அச்சடித்திருந்தது. அடித்தவன் நானில்லை.

மூன்று வாரம் ஒரு பஞ்சர் கூட இல்லை. ரோட்டுக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டதாக நினைத்தேன். மெர்சி தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டு வட்டலப்பம் செய்து கொடுத்தனுப்பினாள். மறைத்ததும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. நானே சில நாள் டியூப் இருப்பதை மறந்துபோனேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடித்து வந்து வண்டியை நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, இங்க பாருங்க. முன் டயர்ல ஆணி. காலைலேர்ந்து கீது. காத்து எறங்கவே இல்ல. நீங்க சொன்னா மாதிரியே!"

குனிந்து பார்த்தேன். ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றது. சில சமயம் அப்படி நிற்கும். அதைப் பிடுங்கினால் காற்று புஸ்ஸென்று போகும். டயரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் உள்ளிருப்பது தெரியும். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"டியூப்லெஸ்னா அப்டித்தான்" என்றேன். "இர்க்கட்டும். புடுங்காத. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஏரிக்கரை வளைவில் வண்டி கிடந்தது. முன் டயர் தட்டையாக இருந்தது. மூன்று கஜம் தள்ளி மைல்கல் ஓரமாகச் சாலமோன். மைல்கல்லின் முனை தொடையைக் கிழித்திருந்தது. நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெம்பு வந்ததைக் கவனித்தேன். நம் ஆள் வந்துவிட்டான் என்கிற தெம்பு.

நான் வண்டியிடம் போனேன்.

அதை விளக்க வேண்டும், ஐயா. யாராவது வந்து டயரைப் பிரித்தால் உள்ளே டியூப் இருக்கும். தன் புருஷன் ஏமாற்றப்பட்டான் என்று எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தெரியவரும். அந்த நிலையில் அவள் அதைத் தாங்குவாளா? அவளைத்தான் நினைத்தேன். சக்கரத்தைக் கழற்றத் தேவைப்படவில்லை. ஒரு பக்க விளிம்பை நெம்பிக் கிளப்பி, வால்வு நட்டைத் திருகி எடுத்து, டியூபைக் கத்தியால் அறுத்து உருவினால் போதும். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். எனக்கு ஏழு நிமிஷம். தொழிலில் என் கை வேகம்.

நடுவில் அவன் ஒரு தடவைதான் பேசினான்.

"வண்டி கெடக்கட்டும்ணா. அப்பறம் பாத்துக்கலாம்."

"தோ, ஆச்சுப்பா" என்றேன்.

டியூபைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு 108க்குப் போன் செய்தேன். வேன் சீக்கிரம்தான் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விட்டான்.

ஸ்டேஷனில் வண்டியைப் பார்த்த ஏட்டு, வால்வு இல்லாத ரிம்மைத் தடவி, "ஓகோ, இதான் டியூப்லெஸ்ஸா?" என்றார். ஆமாம் என்றேன். அதிவேகம் என்று எழுதிக்கொண்டார். டியூப்லெஸ்ஸுக்கும் ரிம்மில் வால்வு உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மெர்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டயரு நல்லாத்தான போட்டீங்க, அண்ணா?"

"நல்லாத்தாம்மா போட்டேன்."

"அப்ப இது வேகமா போனதாலதான்" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். செத்தவன் மேல் கோபப்பட்டு அழுதாள். அவன் ஒருநாளும் நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. பிள்ளை பிறந்ததும் தொட்டில் கட்ட நான்தான் போனேன். கொக்கி மாட்டி, இழுத்துப் பார்த்து, உறுதி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டயர் என்னை உறுத்தவில்லை. தொழிலில் தவறு யாருக்கும் நடக்கும். அந்த ஏழு நிமிஷம்தான் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. கடையைத் திறப்பேன், பத்து நிமிஷத்தில் பூட்டுவேன். பொன்னேரி பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கி நடந்து திரும்புவேன். போகிற இடத்திலெல்லாம் பொதுவாகக் கேட்பதுபோல ஒன்றையே கேட்டேன்: ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கையில் ஏழு நிமிஷம் லேட்டானால் பெரிதாக ஏதாவது ஆகிவிடுமா? பாஸ்டர், "ஆண்டவருடைய நேரம் வேற, நம்ம நேரம் வேற" என்றார். கம்பவுண்டர் பாக்கியராஜ், "அது ஆளைப் பொறுத்துதுபா" என்றான். குப்பம்மாள், "ஆருக்கு இன்னா ஆச்சு? ஏன்யா இப்டி பேஜாரு பண்றே?" என்றாள். ஒவ்வொருவரும் எனக்கு ஒரு வழி விட்டு வைத்தார்கள். அந்த வழியில் கொஞ்ச தூரம் போவேன், மறுபடி திரும்பி வருவேன்.

நேற்று மத்தியானம் 108 வேன் என் கடை முன்னால் நின்றது. பின் டயரில் காற்றுக் குறைவு. அன்றைக்கு வந்த அதே வேன். உள்ளே இருந்து இறங்கிய அஹ்சன், பழவேற்காட்டுப் பையன், சாலமோனுக்குக் கட்டுப் போட்டவன். என்னை அடையாளம் கண்டுகொண்டு அவனே பேச்செடுத்தான்.

"உங்க ஆளுதான அவரு? பாவம். ரத்தம் போனதுதான்ணா. வேற ஒண்ணும் அடி இல்ல."

"கொஞ்சம் முன்னாடி நீங்க வந்திருந்தா?"

"எவ்ளோ முன்னாடி?"

"ஏழு நிமிஷம்."

அவன் யோசிக்கவே இல்லை. "பொழைச்சிருப்பாரு. நாங்க வர வரைக்கும்கூட வேணாம். தொடைய இறுக்கிக் கட்ட ஒரு ஆள் இருந்திருந்தா போதும். நீங்க பாத்த ஒடனே போன் பண்ணிட்டீங்க. அதுக்கு முன்னாடி யார் கண்ணுலயும் படல. அவரு நேரம்."

இதுவும் ஒரு வழிதான். அவனும் எனக்கு ஒரு வழி விட்டான். ஏனோ அதில் நுழைய எனக்குக் கால் வரவில்லை.

"ஒடனே பண்ணல தம்பி" என்றேன். டயரிலிருந்து சாப்பாட்டுப் பை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மெர்சிக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அஹ்சன் என் கையிலிருந்த காற்றுக் குழாயை வாங்கி, அதன் இடத்தில் மாட்டினான்.

"அந்த அம்மாவுக்காக இல்ல" என்றான். "உங்க போர்டுக்காக. ஆக்சிடென்ட்ல அவரு சாவல. நீங்கதான் கொன்னீங்க."