பக்கத்துத் துளை

மௌஸ் வேலை செய்யவில்லை என்றால் முதலில் வயரைப் பார்க்க வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அந்தக் கண் ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு அறையிலும் ஒட்டியவன் நான்தான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான் என்பதால் நர்சுகள் எனக்கு எலி டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். வெளியே கோபப்படுவேன். உள்ளுக்குள் அந்தப் பேரின் பின்பாதி இனிக்கும்.

பெரிய டாக்டரம்மாவின் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் ஸ்கேன் படங்கள், இன்னொன்றில் நோயாளிகளின் விவரம். இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே கீபோர்டு, ஒரே மௌஸ். நடுவில் ஒரு சின்னப் பெட்டி; அதன் பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும். வாங்கிப் பொருத்தியது நான். பொருத்திய மறுநாளே மௌஸ் தகராறு செய்தது. திரையில் அம்பு நிற்கும், திடீரென்று துள்ளும், டாக்டரம்மா வைக்க நினைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய் உட்காரும்.

மூன்று நாள் பார்த்தேன். மௌஸை மாற்றினேன். இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்து, இதை முதலில் போட்டு, அப்புறம் அதை முதலில் போட்டுப் பார்த்தேன். மேஜையைக்கூட ஓர் அடி நகர்த்தினேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. மூன்றாம் நாள் மேஜைக்கடியில் புகுந்து பெட்டியின் பின்பக்கத்தைத் தடவியபோதுதான் புரிந்தது. மௌஸ் படம் போட்ட துளை காலியாக இருந்தது. நான் செருகியிருந்தது பக்கத்துத் துளையில். அது பென் டிரைவ் மாதிரியான சாமான்களுக்கு; மௌஸைச் செருகினால் இப்படித்தான் துள்ளும்.

தலையை வெளியே நீட்டினேன். டாக்டரம்மா, தலைமை நர்ஸ், மேனேஜர் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் என் நோட்டீஸ்.

"என்ன தம்பி, கண்டுபிடிச்சீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"மௌஸ்ல ஒண்ணுமில்ல டாக்டர். உங்க கைதான் லேசா நடுங்குதோன்னு..."

இருபத்தாறு வருடம் கண் ஆபரேஷன் செய்த கை அது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாராவது சிரித்திருந்தால் நானும் கூடச் சிரித்து விஷயத்தை அங்கேயே முடித்திருப்பேன். பாவிகள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அன்று மாலையே வயரைச் சரியாக மாட்டத்தான் போனேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள்: நான் தொட்டதும் மௌஸ் சரியாகிவிட்டால், தப்பு யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். மானம் கப்பலேறிவிடும். ஆகவே தினமும் டாக்டரம்மா வருவதற்கு அரை மணி முன்னால் வந்து தப்பான துளையில் செருகுவேன். அவர் சாப்பிடப் போனதும், மாலை வீட்டுக்குக் கிளம்பியதும் சரியான துளைக்கு மாற்றுவேன்; சாப்பிட்டு வருவதற்குள் மறுபடி தப்பான துளை. சாப்பாட்டு நேரத்தில் தலைமை நர்ஸ் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார். அப்புறம் டாக்டரம்மாவிடமே போய், "எனக்கு நல்லாத்தானே ஓடுது டாக்டர்" என்பார். நீங்கள் விசாரணைக்கு எடுத்த கேமராப் பதிவில் மேஜைக்கடியில் தெரிகிற கால்கள் என்னுடையவைதான், ஓட்டை சாக்ஸ் உட்பட. வாழ்நாளில் முதல் முறையாக நேரத்துக்கு வேலைக்கு வந்தேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"வீட்ல மௌஸ் பிடிச்சா ஒண்ணும் ஆகலையே தம்பி," என்றார் டாக்டரம்மா ஒரு நாள்.

"டென்ஷன்ல வர்றது டாக்டர். வேலை செய்ற இடத்துலதான் வரும்."

எனக்கு மருத்துவமும் கைவரும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் நரம்பு டாக்டரிடம் போனார். அந்த மனிதர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். பேர் தெரியாத வியாதி என்று முடிவு செய்துகொண்டார் டாக்டரம்மா. பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

நான்காம் மாதம் ஆபரேஷன் செய்வதையே விட்டார். மேனேஜர் கெஞ்சினார். "என் கையை நம்பி ஒருத்தர் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். நான் எப்படிங்க கத்தியைத் தொடுவேன்?" என்றார் டாக்டரம்மா. காத்திருந்தவர்களை, படிப்பு முடித்துப் புதிதாக வந்திருந்த டாக்டரிடம் தள்ளிவிட்டார்கள். அதில் இரண்டு பேருக்குப் பார்வை திரும்பவில்லை. அந்த விவரம் உங்கள் ஃபைலிலேயே இருக்கும்.

வேலையை விட்டுப் போகிற கடைசி நாள் டாக்டரம்மா என் அறைக்கு வந்தார். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தம்பி. அந்தப் பெட்டியில ஏதாவது கோளாறு இருந்திருக்குமா? இருக்குன்னு சொல்லுங்க, நாளைக்கே ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போயிடுறேன்."

"இல்ல டாக்டர்."

"சரி. நீங்க ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொன்னீங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ரொம்ப நல்ல மனுஷி.

அவர் கார் கிளம்பியதும் போய் வயரைச் சரியான துளையில் செருகினேன். மௌஸ் இப்போது வெண்ணெயாக ஓடுகிறது. நான் செய்ததை உள்ளது உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு வயரை நான்கு மாதம் துளை மாற்றிச் செருகினேன். டாக்டரம்மாவின் கையில் என் விரல்கூடப் பட்டதில்லை.