சைரன் நின்ற பிறகு

ராத்திரி ஒன்றரை மணி. ஆள் நடமாட்டமில்லாத புது ரோடு, கோடியில் ஒரே ஒரு மாடி வீடு. அந்த வீட்டுக்காரர் மாடியிலிருந்தே கார் சாவியைத் தூக்கிப் போட்டார்.

டேய், சிரிக்கிறவன் எழுந்து போ. பேய் என்று எவன் சொன்னாலும் நம்புகிற ஆள் இல்லை நான். இது என் சகலைக்கு நடந்தது. கார் வயரிங் வேலை அவனுக்கு.

திருட்டு அலாரம் விடாமல் கத்துகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பூட்டிய காருக்குள் ஏதாவது அசைந்தால் கத்தும். அப்படிக் கத்தினால் முதலில் டார்ச் அடித்து உள்ளே பார்க்கணும். கண்ணாடி பூரா கறுப்புத் தாள், இவனுக்குத் தூக்கக் கலக்கம்... பார்க்கவில்லை. பானெட்டைத் தூக்கி சைரன் வயரைப் பிடுங்கினான். சத்தம் நின்றதும் உள்ளே ஒரு 'டொக்'. சூடு ஆறித் தகரம் சுருங்குகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

விடிந்தால் பின் சீட்டில் வீட்டுக்காரரின் அப்பா, கார் பூரா அவர் தேய்த்திருந்த தைல வாசனை. ஞாபகம் தப்பிய மனுஷன், எப்போதோ ஏறிப் படுத்திருக்கிறார். மகன் கவனிக்காமல் ரிமோட்டில் பூட்டிவிட்டார். உள்ளேயிருந்து திறக்க முடியாத பூட்டு. உயிர் இல்லை.

"உள்ள பாத்தீங்களா அண்ணே?" மகன் அழுதுகொண்டே கேட்டார்.

"பாத்தேன் தம்பி. யாரும் இல்ல."

அதுக்கப்புறம் சகலைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு மாசம் கழித்து அதே கார், அதே கத்தல், அதே நேரம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தத் தடவை கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தான். காலி. சோதிக்கப் பின் சீட்டில் ஏறினான், ரிமோட்டில் பூட்டினான், கையை ஆட்டினான். கத்தியது. திறக்கிற பட்டனை அமுக்கினான்... திறக்கவில்லை. அதே தைல வாசனை ஏறிக்கொண்டே வந்தது.

அப்போது பானெட் தானாகத் திறந்தது. இடுக்கில் ரெண்டு கை. இவன் தட்டினான், அலறினான். அந்த ஆள் குனியவே இல்லை. வெடுக்கென்று சைரன் நின்றது. பானெட் மூடியது. நடந்து போகிற முதுகில்... சகலையின் சட்டை.

விடிந்து மகன் இன்னொரு சாவியால் கார் கதவைத் திறந்ததும், கேட்காமலே சொல்லிவிட்டான்: "அன்னைக்கு நான் உள்ள பாக்கல தம்பி."

மகன் மாடியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"ராத்திரி மாடிக்கு வந்து, 'பாத்துட்டேன், யாரும் இல்ல, தூங்குங்க'ன்னு சொல்லிட்டுப் போனீங்களே அண்ணே... அது யாரு?"