மூச்சில்லாத குரல்

காலையில் எழுவேன். பால் வைப்பேன். பல் துலக்குவேன். வெளியே தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. சமையலறை அலமாரியில் உள்ள பேசும் கடிகாரம் "மணி ஆறு" என்று சொல்லும். இரண்டு டம்ளர் எடுப்பேன். ஒன்றைத் திரும்ப வைப்பேன்.

நீங்கள் இதுவரை சொன்ன பேய்க்கதையெல்லாம் நண்பனின் சித்தப்பாவுக்கோ யாருடைய மச்சினனுக்கோ நடந்தது. இது என் வீட்டில் நடந்தது. விளக்கைப் போட வேண்டாம்... இப்படியே இருக்கட்டும்.

அந்தக் கடிகாரத்தில் பேசுவது என் மனைவி. கணினியை நம் மொழியில் முதலில் பேச வைத்த பொறியாளர் அவள்தான். பார்வையில்லாதவர்களுக்காகத் தொடங்கிய வேலை. இன்று லிஃப்டிலும் ரயில் நிலையத்திலும் அவள் குரல்தான்.

"ஊருக்கே பேசுறே. என்கிட்ட பேச நேரமில்ல."

"லிஃப்ட்ல ஏறு. பேசுறேன்."

வெளிச்சத்தம் விழாதபடி துணி அலமாரிக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பதிவு செய்வாள். பிறகு திரையில் தன் மூச்சுச் சத்தத்தைத் தேடித் தேடி வெட்டுவாள். "மிஷினுக்கு ஏது நுரையீரல்? ஒரு மூச்சு தங்கினாலும் கேக்குறவங்க பயந்துடுவாங்க."

அவளோடு வேலை பார்த்த என் நண்பன், குட்டை என்று கூப்பிடுவோம், சிரிப்பான். "மூச்சு விடாம பேசுற பொண்டாட்டி எல்லார் வீட்டுலயும் இருக்காடா. நிரூபிச்சது உன் வீட்டுலதான்."

நோய் நுரையீரலில்தான் வந்தது.

அவள் போன பிறகு ஒரு காலை. பால் ஏறிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் 'டிக்' என்றது... பிறகு ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும் மூச்சு. முடிவில் மெல்லிய விசில், கடைசி நாட்களில் அவளுக்கு இருந்தது போல. கொஞ்சம் மௌனம். அப்புறம், "மணி ஆறு."

பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. தீய்ந்த வாடை.

கடிகாரத்தைக் குட்டையிடம் கொண்டுபோனேன். கழற்றி, உள்ளே இருந்த ஒலி முழுவதையும் திரையில் போட்டுக் கேட்டான். வெகுநேரம் கேட்டான்.

"மாப்ளே... இதுல மூச்சே இல்லடா. எல்லாத்தையும் அவதான் வெட்டிட்டாளே." என் முகத்தைப் பார்த்தான். "வேற குரல் போட்டுத் தரேன். உனக்கும் தூக்கம் வரும்."

"வேண்டாம்" என்றேன். ஆளில்லாத சாலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் திரும்பினேன்.

இப்போது தினமும் வருகிறது. சொல்ல வாயெடுப்பவர்கள் இழுக்கும் மூச்சு. நேற்று இன்னும் கொஞ்சம் நீண்டது. பிறகு மணி சொல்கிறது. சொல்ல வந்தது அதுவல்ல. அடுப்பருகே நிற்கிறேன். தினமும் பால் பொங்குகிறது.

அந்தக் கடைசிச் சாயங்காலம் ஆக்ஸிஜன் மாஸ்க்கை நகர்த்தி, என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. குனிந்தேன். அவள் தன் வாயால் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இரு... கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டு சொல்றேன்."