பெரியப்பா ஒளித்த கடிதங்கள்

அந்தப் படத்தில் மழையை நன்றாக எடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் பொய். வெள்ளைக்காரன் காலத்துக் காதல் கதை. பினாங்குக்குப் போன காதலன் எழுதும் கடிதங்களைப் பெண்ணின் பெரியப்பா பரணில் ஒளித்து வைக்கிறார். ஏன் ஒளித்தார் என்பதற்கு, படத்துக்கு மூலமான நாவலில் பதினெட்டுப் பக்கம் இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாதவளைத் தூக்கி வளர்த்தவர். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் யாரோடு பேசுவார்? படத்தில் அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் வெட்டிவிட்டு, முறுக்கு மீசை ஒட்டி, வில்லனாக்கிவிட்டார்கள்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி சஜீவனி மாதா கோயிலுக்குப் போய் வந்த பிறகு, இருவரும் டிவியில் பார்த்தோம்.

"பாவி, நல்லாவே இருக்க மாட்டான்" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். "இப்பிடியும் ஒரு மனுசன் இருப்பானாங்க?"

"அவன் போட்ட சோத்தத் தின்னுட்டுத்தானே அவ அந்த அழுகை அழுவுறா."

"சோறு போட்டா ஆளப் பூட்டி வைக்கலாமா? ஒங்களுக்கு வில்லன்னா கொள்ளைப் பிரியம். அடுத்த படத்துல ஒங்களயே போடச் சொல்லுவம்" என்று சிரித்தாள்.

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். அப்புத்தளைக்கு மேலே தேயிலை பேக்டரியில் இரவு வேலை. அவள் உயர்தரம் பாஸ் செய்தவள். ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும். காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். வேலை முடிந்து அந்த வழியாக வரும் நான் அவளுடையதை வாங்கிக்கொள்வேன். படம் பார்ப்பதற்கு முன்பே மூன்று வந்திருந்தன. சிங்களத்தில் அச்சடித்த காக்கி உறை. நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். மூன்றையும் பேக்டரியில் என் பிஸ்கட் டின்னில் வைத்தேன். வேலை கிடைத்தால் தூரத்து மொனராகலைப் பக்கம் எங்காவது தூக்கிப் போடுவார்கள். விடிய விடிய நின்றுவிட்டு வருகிறவனுக்கு யார் சமைப்பது? இதைக் கேட்பது குற்றமென்றால் இருக்கட்டும்.

படம் பார்த்த மறுவாரம் நான்காவது வந்தது. அதே காக்கி, அதே சிங்களம். அதையும் டின்னில் போட்டேன்.

அக்டோபரில் ஆஸ்பத்திரியில் அவள் மார்பிலிருந்த கட்டியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஏதாவது இருந்தால் எழுதுவோம் என்றார்களாம். பொங்கலுக்கு முதல்நாள், "கடிதம் ஒன்னும் வரலீங்க. அப்ப ஒன்னுமில்ல" என்றாள். முகம் தெளிந்திருந்தது. நல்லது என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு உறை வந்தன. போனும் வந்ததாம். அவள் கொடுத்திருந்தது என் நம்பர். இரவு வேலைக்காரன் பகலில் போன் எடுப்பதில்லை.

மே மாதம் அவளை அடக்கம் செய்தோம். அவள் தம்பி ஜேசன் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்திருக்கிறான். மூன்று கடிதம் போட்டோம் என்றிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை எல்லாம் என்னிடம் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். நேரே பேக்டரிக்கு வந்து என் அலமாரித் தட்டில் இருந்த டின்னை எடுத்துத் திறந்தான்.

"இது என்னா மச்சான்?"

மறைக்கவில்லை. ஆறையும் நான்தான் வாங்கினேன், நான்தான் வைத்தேன் என்றேன். அவற்றில் மூன்று உறைகளின் மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை இருப்பதைக் காட்டினான். பார்த்தேன். முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆறில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை என்பதை அவனும் பார்த்தான்.

அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஈனப்புத்தி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.