ராகுகாலம் முடியட்டும் என்று இருந்தேன்

மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் மனிதரைக் கண்டால், அவரைக் கவிழ்த்துப் பார்க்க எனக்குக் கை அரிக்கும், ஐயா. சிலருக்கு வெற்றிலை, எனக்கு இது.

எங்கள் மேலாளர் தனசேகரன் கெட்டவர் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஆம்புலன்சுக்கு, எந்த ஆஸ்பத்திரியில் என்ன மருந்து இருக்கிறது என்று சொல்லும் அறை எங்களுடையது. விவரமெல்லாம் சென்னையில் உள்ள பழைய மெயின்பிரேம் கணினியில் இருக்கிறது. அதன் வேகத்தைச் சரிக்கட்ட ஒரு மென்பொருள் உண்டு. தினமும் காலை எட்டுக்கு எங்களுக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடு என்று அதில் அட்டவணை போட்டவன் நான். ‘மின்னல் வேகச் செம்மல்’ என்று ஆளுயரப் பேனர் வைத்துக்கொண்டவர் அவர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இந்தத் திட்டத்துக்கு முறைப்படி திறப்பு விழா. ஐந்து நிமிடம் முன்னால் அந்த அட்டவணையை ரீசெட் செய்து கலைத்தேன். கணினி நத்தையாகிவிடும், விருந்தினர் முன்னால் தனசேகரன் திக்குவார், நான் திரும்பப் போட்டுவிடுவேன். கால் மணி நேர வேடிக்கை.

விருந்தினர் பத்தரைக்குத்தான் வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை.

“ராவுகாலம் பொறந்துடுச்சேப்பா. பன்னெண்டுக்கு மேல ரிப்பன் வெட்டிக்கலாம், இன்னா அவசரம்?”

எனக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. ஆனால் இப்போது திரும்பப் போட்டுவிட்டு, விழா நேரத்தில் மறுபடி கலைத்தால், ஒரே நாளில் இரண்டு தரம் என்று சென்னைக்குத் தகவல் போய்விடும். அப்படியே விட்டுவைத்தேன்.

பத்து நாற்பதுக்கு, போன் எடுக்கும் இசைவாணி ஓடி வந்தாள்.

“அண்ணா, ஸ்கிரீன் சுத்திகினே இருக்குதுண்ணா. களை எடுத்த பொம்பளைய விரியன் கடிச்சிட்டுது. வண்டி கச்சிராயபாளையத்துல நிக்குது, மருந்து எங்க இருக்குதுன்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா, கம்ப்யூட்டர்லயே பாரும்மான்னு வெச்சிட்றாங்க.”

“பாத்துகினுதாம்மா இருக்கேன்.”

பொய் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றேகால் வரை நின்ற வண்டி, குத்துமதிப்பாக ஒரு பக்கம் திரும்பியது. அந்த ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

பன்னிரண்டுக்கு ரிப்பன் வெட்டினார்கள். திரையில் வட்டம் சுழன்றது. அதுதான் திட்டம் என்று நினைத்து விருந்தினர் கைதட்டினார். தனசேகரன் திக்கவே இல்லை. அட்டவணையைத் திரும்பப் போட்டேன். அந்த நிமிடமே இசைவாணிக்குப் பதில் வந்தது: மருந்து எதிர்த்திசையில், பதினெட்டு கிலோமீட்டரில்.

வண்டி அங்கே போய்ச் சேருமுன் செத்துப்போன அந்தப் பெண்ணின் பெயர் ரங்கம்மாள். வயது முப்பத்தாறு. மூன்றாம் நாள் அவள் கணவர் இருசப்பன் அலுவலகத்துக்கு வந்தார்.

“ஒன்ற மணி நேரம் எங்களுக்காவ தேடுனீங்களாமே சார்” என்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அதிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் வாக்குமூலத் தாளில் ‘தெரியாமல் நேர்ந்த பிழை’ என்று இருக்கிறது. அடித்துவிடுங்கள். பத்து நாற்பதுக்கே எனக்குத் தெரியும். திரும்பப் போட ஒரே பொத்தான். விரல் அதன்மேல்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ரங்கம்மாள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.