கோல் இல்லை என்று சொன்ன குரலுக்கு

கண்ணுக்கெட்டாத கடைசி வரிசைக்கும் காதுவழியே ஆட்டம் காட்டியவரே! கால்பந்து அரங்கின் கண்ணாடி அறையிலிருந்து எங்கள் அணியின் கொடியைக் குரலால் உயர்த்திய கோமானே! பணி நிறைவு காணும் அறிவிப்பாளர் அண்ணனே, வணக்கம்.

எதிரணி கோல் போட்டாலும் போட்டவர் பெயரைப் பிசிறின்றிச் சொன்ன பெருந்தன்மை தங்களுடையது. தொலைந்த குழந்தையின் சட்டை நிறத்தைத் தாங்கள் சொல்லும் தோரணையிலேயே தாயின் பாதி அழுகை நின்றுவிடும். தேநீர் வாங்கித் தருவதில் மட்டும் தாங்கள் மகா கருமி. இந்த நல்ல நாளில் அதையும் மன்னித்துவிட்டோம்.

ஆனாலும் தங்களைப் புகழ அந்த ஒரு பருவம் போதும். முதல் பிரிவு லீகில் முக்கி முனகி வந்த நம் அணிக்கு அது அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம், சமநிலையில் நின்றது. அதே நேரம் வேற்றூரில் ஆடிக்கொண்டிருந்த போட்டி அணி தோற்றால் நமக்குச் சமநிலையே போதும். இல்லையேல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம். அரங்கப் பணியாளர்களான எங்களில் பாதிப் பேருக்கு வேலையும் போகும். தொலைபேசியில் வந்த செய்தியை நம்பி, போட்டி அணி கோல் வாங்கிவிட்டதாக அறிவித்தீர்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. நம் வீரர்கள் பந்தைப் பின்னுக்குத் தட்டிப் பொழுதை ஓட்டத் தொடங்கினார்கள். உடனே மறு அழைப்பு: அந்தக் கோலை நடுவர் ரத்து செய்துவிட்டார்.

அருகில் நின்ற கழகச் செயலாளர் மைக்கைக் கையால் பொத்தினார். "இப்பச் சொன்னா கூட்டம் நம்மளச் சும்மா விடாது. ஆட்டம் முடியட்டும்."

"என்னை அடிச்சாலும் பரவாயில்ல சார். பசங்க விஷயம் தெரியாமத் தோக்கக் கூடாது" என்று அவர் கையை விலக்கினீர்கள்.

தாங்கள் சொன்னது தவறு, இன்னும் ஒரு கோல் வேண்டும் என்று ஊரறிய அறிவித்தீர்கள். கூட்டம் தங்களைத் தாறுமாறாகத் திட்டியது; கண்ணாடியில் தண்ணீர் பாட்டில்கள் வந்து மோதின. ஆனால் கோல்கீப்பர் உட்படப் பதினோரு பேரும் முன்னே பாய்ந்தார்கள். தடுப்பாட்டக்காரர் ஒருவர் தலையால் முட்ட, பந்து வலைக்குள் விழுந்தது.

போட்டவர் பெயரைச் சொல்ல வாய் திறந்தீர்கள், வார்த்தை வரவில்லை. தங்கள் விம்மல் மட்டுமே அரங்கம் முழுக்கக் கேட்டது. பாட்டில் எறிந்தவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று வேலை தப்பியவர்களே இன்று இம்மடலை வாசிக்கிறோம். அண்ணியாரோடு நலமும் நிறைவும் பொலிய, நெடுங்காலம் நிமிர்ந்து வாழ்க! ஒன்றே ஒன்று பாக்கி. அந்தக் கோலைப் போட்டவர் யார் என்று இந்த அரங்கில் இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. இன்று நம் பயிற்சியாளராக அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இதோ மைக். சொல்லுங்கள் அண்ணா.

தங்கள் குரலால் பிழைத்த
அரங்கப் பணியாளர்கள்